டேங்க்குக்கு அடியில் மூன்று நாற்காலிகள்

1. வடக்கு எங்கே?

2004-ல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சான்றிதழ், மார்க் ஷீட் எதையும் யாரும் பார்க்கவில்லை. "வடக்கு எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார் ஜெபராஜ் சார்.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி. அதாவது, வீட்டின் அழகை ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொள்வார். அது விழாமல் நிற்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நான் கம்மாபுரத்துப் பெண். சிவில் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் கற்று, டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போயிருந்தேன். அந்த ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்த முதல் பெண் நான்தான்.

எதிரே மேசையில் ஒரு டிராயிங் விரிந்து கிடந்தது. அதன் மேல்பக்கத்தைக் காட்டி, "இதோ சார்" என்றேன்.

"பேப்பர்ல எல்லாப் பயலுக்கும் தெரியும். இந்த ரூம்ல வடக்கு எங்க?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அது கிழக்கு. சார் என் காலடியைக் காட்டினார். சிவப்புச் சிமெண்ட் தரையில், மஞ்சள் பெயிண்டில், ஆள் நீளத்துக்கு ஓர் அம்புக்குறி. அதன்மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். வேலை போச்சு என்று நினைத்தேன். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு" என்றார்.

அந்த அம்புக்குறிதான் எங்கள் ஆபீஸின் பூஜை அறை. சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், இப்படிச் சொன்னதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை அதுதான். எந்த டிராயிங்கும் வெளியே போகும் முன், மாடி மாடியாக அதைத் தரையில் விரிக்க வேண்டும். டிராயிங்கின் வடக்கும் தரையின் வடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து, உச்சியில் இருக்கும் தண்ணீர் டேங்க்கில் விரலை வைத்து, அந்தக் கனம் எந்தத் தூணுக்குப் போகிறது, அது கீழ்மாடியில் எந்தத் தூண், அதற்கு எத்தனை கம்பி, அதன் அடியில் மண்ணுக்குள் எந்த ஃபுட்டிங் என்று பெயர் சொல்லிக்கொண்டே அஸ்திவாரம் வரை வர வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் பார்ப்பார். இதற்கு எங்கள் ஆபீஸில் 'இறங்குவது' என்று பெயர். "எறங்கிப் பாத்தாச்சா?" என்று கேட்காமல் சார் கையெழுத்துப் போட மாட்டார்.

2. உயரத்துக்குப் பயந்த எஞ்சினியர்

சாரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

நான் சேர்ந்த அந்த ஆண்டின் கடைசியில் சுனாமி வந்தது. சுவர் நின்ற வீடுகளுக்குள்ளும் திரும்பப் போகப் பயந்து ஜனங்கள் வெளியே படுத்திருந்தார்கள். சார் கையெழுத்துப் பாக்கியிருந்த எல்லா வேலையையும் ஓரம் வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் குப்பங்களுக்குப் போனார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், சுவரின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று குனிந்து கையை விடுவார். இருக்கக்கூடிய வீடு என்றால் கதவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். கூடாது என்றால் பெருக்கல் குறி. வட்டம் போட்ட வீட்டுக்குள் முதலில் அவரே போய், நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவர் குடித்து முடித்த பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வரும்.

இரண்டாவது விஷயம்: அவருக்கு உயரம் என்றால் நடுக்கம். எத்தனையோ மாடிக் கட்டடங்களுக்கு டிசைன் கொடுத்தவர், கைப்பிடி இல்லாத படியில் முதல் மாடிக்கு மேல் ஏற மாட்டார். "கீழேர்ந்து பாத்தாத்தான்மா பில்டிங் முழுசாத் தெரியும்" என்று ஒரு சமாதானம் வைத்திருந்தார். மேலே ஏறிக் கம்பி எண்ணுவது எங்கள் வேலை. சைட்டில் எல்லா மேஸ்திரிக்கும் இது தெரியும், யாரும் சிரித்ததில்லை. சார் கீழே நின்றபடியே, "ரெண்டாவது பீம்ல ஒரு ரிங் சாஞ்சிருக்கு பாரு" என்று சரியாகச் சொல்லிவிடுவார். சிரிப்பு எங்கிருந்து வரும்?

நாலு வருஷத்தில் ஆபீஸ் வளர்ந்தது. சார் என்னை நம்ப ஆரம்பித்தார். என் டிராயிங் என்றால் அவர் தரையில் உட்கார மாட்டார். நானே இறங்கிப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

3. சமையல்கட்டு மேல என்ன வரப்போவுது?

2008-ல் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சொந்தக்காரர் கோதண்டபாணி, லாரி வைத்துச் சம்பாதித்தவர். கீழே சாப்பாட்டுக் கூடம், முதல் மாடியில் கல்யாணக் கூடம், இரண்டாம் மாடியில் தங்கும் அறைகள், மொட்டை மாடியில் தூண்கள்மேல் தூக்கிக் கட்டும் இருபதாயிரம் லிட்டர் கான்கிரீட் டேங்க். தண்ணீர் மட்டுமே இருபது டன். அதைத் தாங்கும் நான்கு தூண்களுக்கு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு கம்பி, பெரிய ஃபுட்டிங்.

டிராயிங் எல்லாம் முடிந்து, இறங்கிப் பார்த்தும் ஆயிற்று. கடைசி நேரத்தில் வாஸ்துக்காரர் வந்தார். சமையலறை தென்மேற்கில் இருக்கிறது, அது தென்கிழக்கில், அக்னி மூலைக்குப் போக வேண்டும். டேங்க் தென்கிழக்கில் இருக்கிறது, அது தென்மேற்கில், கன்னி மூலைக்கு வர வேண்டும் என்றார். இடமும் வலமும் மாறினால் சரியாகிவிடும். கம்ப்யூட்டரில் 'மிர்ரர்' என்று ஒரு கட்டளை உண்டு. பிளானை அப்படியே கண்ணாடி போலப் புரட்டிவிடும். நான் புரட்டினேன். சுவர், கதவு, மணமகள் அறை, டேங்க் எல்லாம் இடம் மாறின.

தூண்கள் இருந்த லேயரை, அதாவது டிராயிங்கின் அந்த ஓர் அடுக்கை மட்டும், கை தவறி அசைந்துவிடாதபடி நான் பூட்டி வைத்திருந்தேன். பூட்டிய லேயர் புரளாது. அந்த மண்டபத்தில் தூண்கள் இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் இருந்ததால், பார்த்தால் எதுவும் மாறினதாகத் தெரியவில்லை. கனத்த தூண் எது, மெலிந்தது எது என்று காட்டும் தூண் பெயர்கள் மட்டும்தான் வேறு. கனத்த தூண் நாலும் அக்னி மூலையிலேயே நின்றுவிட்டன. டேங்க் மட்டும் கன்னி மூலைக்குப் போய், நோஞ்சான் தூண்கள்மேல் ஏறி உட்கார்ந்தது. அதற்கு நேர் கீழே, முதல் மாடியில், மணமகள் அறை.

தரையில் விரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் காலை கடைக்கால் போட முகூர்த்தம். டிராயிங்கை வாங்கிப் போகக் கோதண்டபாணி அனுப்பிய கார் கீழே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"எறங்கிப் பாத்தாச்சா?"

"ஆச்சு சார்."

பழைய பிளானில்தான் இறங்கிப் பார்த்திருந்தேன். புரட்டினது அதைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து மண்டபத்து மேஸ்திரி ஆறுமுகம் போன் செய்தார். "ஏம்மா, சமையக்கட்டு மேல என்ன வரப்போவுது? இம்மாம் கம்பி போடச் சொல்லியிருக்கீங்க?"

"டிராயிங்ல இருக்கிறபடி போடுங்க மேஸ்திரி" என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்தேன். அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

4. சின்னதாகிப் போன டேங்க்

இரண்டாம் மாடிக்குக் கூரைத் தளமும் போட்டாயிற்று. டேங்க்குக்கு டீடெயில் டிராயிங் கேட்டார்கள். தரையில் விரித்தேன். டேங்க்கில் விரலை வைத்து இறங்கினேன். முதல் தூணின் பெயரைப் படித்ததும் கை நின்றுவிட்டது. மறுபடி மேலே போய் இறங்கினேன். நாலு தூணும் தப்பு.

ஆபீஸில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்பது ஒரு பயம். சார் இனிமேல் என்னை எப்படிப் பார்ப்பார் என்பது அதைவிடப் பெரிய பயம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்க்கைப் பாதியாக்கினால் அந்த நோஞ்சான் தூண்கள் தாங்கும். பத்தாயிரம் லிட்டருக்கு ஒரு டேங்க் வரைந்து சாரிடம் நீட்டினேன்.

"ஏன் சிறுசாச்சு?"

"லோடு கொஞ்சம் ஜாஸ்தியா தெரிஞ்சது சார். கொறச்சிட்டேன்."

"எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

அவர் டிராயிங்கைப் பார்க்கக்கூட இல்லை. "நீ பாத்தா சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். முதல் தடவை, இறங்காமலே இறங்கினேன் என்றேன். இந்தத் தடவை உண்மையாகவே இறங்கிப் பார்த்திருந்தேன். அதனால்தான் பொய் சொல்ல வேண்டி வந்தது.

டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். மடியில் அந்தச் சுருள். பிரித்துப் பார்க்காமலே அந்தக் கையெழுத்து தெரிந்தது. 'நீ பாத்தா சரி.' குடிகாடு ஸ்டாப்பிங் வந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். "சிதம்பரம் டிக்கெட்டாச்சேம்மா" என்று கண்டக்டர் கத்தினார். எதிர்ப் பக்கம் போய்க் கடலூர் பஸ்ஸுக்கு நின்றேன்.

5. ரெண்டாவது தப்பு உன்னுது

ஆபீஸுக்கு வந்து, அம்புக்குறிமேல் டிராயிங்கை விரித்து, சாரைக் கூப்பிட்டேன். நான் பெயர் சொல்லச் சொல்ல அவர் பார்த்தார். நாலாவது தூண் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

"அழுதா கம்பி ஜாஸ்தியாவுமா?" என்றார். "எழுந்திரு. மொத தப்பு என்னுது. ரெண்டு பேரு எறங்கணும்னு ரூல் போட்டவன் நான். நானே ஒக்காரல. கையெழுத்துப் போட்டப்பவே அது என் தப்பாயிடுச்சு. டேங்க்க பாதியாக்குனியே, அந்த ரெண்டாவது தப்பு உன்னுது. ரெண்டையும் போய்ச் சொல்லுவோம் வா."

"வேலைய விட்டு நின்னுடட்டுமா சார்?"

"யாரு சரி பண்றது? நானா மேல ஏறப் போறேன்?"

சிதம்பரத்தில் கோதண்டபாணி மண்டபத்து வாசலில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். முதல் தப்பை சார் சொன்னார். இரண்டாவதை நான் சொன்னேன். கோதண்டபாணியின் முகம் சிவந்தது.

"ரெண்டு மாசத்துல எம்பொண்ணு கல்யாணம்யா! மொத கல்யாணமே இந்த மண்டபத்துல அதுதான். பத்திரிக அடிச்சாச்சு. நீங்க என்னா இப்பிடி வந்து தலையில கல்லத் தூக்கிப் போடுறீங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பேசாம சின்ன டேங்க்கு போட்டு மூடியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. எதுக்கு வந்து சொல்றீங்க?" என்றார்.

சார் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஆயிரம் பேரு கை கழுவுற எடம். பத்தாயிரம் லிட்டர் பத்தாது. ரெண்டு வருஷம் கழிச்சு நீங்களே ஒரு பெரிய டேங்க்க வாங்கியாந்து அதே மூலையில ஏத்துவீங்க. எங்கள கேக்க மாட்டீங்க. அன்னிக்கி கீழ் ரூம்ல யாரு வீட்டுப் பொண்ணு தல வாரிக்கிட்டு இருக்கும்னு நமக்குத் தெரியாது."

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. என் கணக்கு சரி என்று நினைத்திருந்தேன். கணக்கு சரிதான், மனுஷன் தண்ணீர் பத்தாவிட்டால் என்ன செய்வான் என்பது என் கணக்கில் இல்லை.

கோதண்டபாணி செங்கல் அடுக்கிலிருந்து எழுந்து மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். "டேங்க்க அக்னி மூலைக்கே வெச்சிடலாமா?" என்று ஆறுமுகம் மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். "நெருப்பு மூலையில தண்ணியா? எம்பொண்ணு கல்யாணத்துக்கா?" என்று கோதண்டபாணி அவர்மேல் பாய்ந்தார். கடைசியில் சொன்னார்: "சரி பண்ணுங்க. செலவு உங்களுது. ஒரு கண்டிஷன். தண்ணி ரொப்புற அன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் டேங்க்குக்கு நேர் அடியில ஒக்காரணும்."

மொட்டை மாடி. மூன்று மாடி உயரம். படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. சார் அந்தப் படியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஒக்காருறோம்" என்றார்.

6. ரொப்பின நாள்

மெலிந்த தூணைத் தடிமனாக்குவதற்கு ஜாக்கெட்டிங் என்று பெயர். தூணுக்கு ஒரு சட்டை போடுவது மாதிரி. முதலில் சுற்றிலும் இரும்பு முட்டு கொடுத்து பீமைத் தாங்க வேண்டும். கடைக்கால் வரை தோண்டி ஃபுட்டிங்கை அகலமாக்க வேண்டும். தூணின் மேல்தோலைக் கொத்தி, துளை போட்டு, பசை வைத்துக் கம்பி நட்டு, சுற்றிப் புதுக் கம்பி கட்டி, பொடி ஜல்லிக் கான்கிரீட் போட வேண்டும். ஒரு தூண் முடிந்து இறுகிய பிறகுதான் அடுத்த தூண். ஆறு வாரம் நான் சிதம்பரத்திலேயே கிடந்தேன். ஆறுமுகம் மேஸ்திரியிடம் முதல் நாளே போய், "அன்னிக்கி நீங்க கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல மேஸ்திரி" என்றேன். "நானும் ஒரு வாட்டி கேட்டதோட விட்டுட்டேனேம்மா. ரெண்டு வாட்டி கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டேங்க்கும் கட்டி முடிந்து, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தண்ணீர் ரொப்பினோம். காலை எட்டு மணிக்கு சார் வந்தார். மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி, ஒவ்வொரு படியாக ஏறினார். கண் பாதி மூடியிருந்தது. வாய் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்கு வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. டேங்க்குக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வெளிப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

டேங்க் பீமும் தூணும் சேரும் இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தேன். இம்மி அசைந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கால் டேங்க் ரொப்பி மோட்டாரை நிறுத்தினோம். பார்த்தோம். மறுபடி ரொப்பினோம். தலைக்கு மேல் தண்ணீர் விழும் சத்தம். சார் என்னிடம், "வடக்கு எங்க?" என்றார். நான் சரியாகக் காட்டினேன். "பரவால்ல" என்றார். பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கி வந்தது. எனக்காக இந்த மனுஷன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

பாதி ரொம்பியிருந்தபோது கோதண்டபாணி மேலே வந்தார். ஒரு கையில் காபித் தூக்கு, இன்னொரு கையில் ஒரு நாற்காலி. எங்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு சார்? ரொம்புற வரைக்கும் கீழ இருங்களேன்" என்றேன்.

"நாலு நாள் கழிச்சு எம்பொண்ணு கீழ ஒக்காரப் போவுது. நான் ஒக்கார மாட்டேனா?" என்றார். காபியை ஊற்றி முதலில் சாரிடம் நீட்டினார். சார் கண்ணை மூடிக்கொண்டே அதை வாங்குவதைப் பார்த்ததும், "என்னா சார், உங்க டேங்க்குக்கே பயப்படுறீங்களா?" என்றார்.

"டேங்க்குக்கு இல்லிங்க. மாடிக்கு."

கோதண்டபாணி எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, சாருக்கும் பக்கவாட்டில் இருந்த கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் போட்டு, வெளியே தெரியாதபடி மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு டேங்க் வழிந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

7. தானே

2011 கடைசியில் தானே புயல் வந்தது. கடலூரில் மரம் விழாத தெரு இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. நாங்கள் மறுபடி சுத்தியலையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆனால் எனக்கு மனமெல்லாம் சிதம்பரத்தில்தான் இருந்தது. அந்த நாலு தூண்.

ஒரு வாரம் கழித்து லைன் கிடைத்தது. சார் பக்கத்தில் நிற்க, போன் செய்தேன்.

"நானே பண்ணணும்னு இருந்தேன்மா. தெருவுக்கே கரண்ட் இல்ல. ஜெனரேட்டர போட்டு ரொப்பிவுட்டிருக்கேன், தெரு முழுக்க நம்ம டேங்க்லதான் தண்ணி புடிக்குது" என்றார் கோதண்டபாணி.

"டேங்க்குக்கு ஒண்ணும் ஆவலியே சார்?"

"அடியில கெடந்துதே, அந்த மூணு நாற்காலி. சாயங்காலமானா அங்கதான் போய் ஒக்காருவேன். மூணும் பறந்து போச்சும்மா. டேங்க்கு அங்கயேதான் இருக்குது."

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாற்காலிக்கு நாம டிசைன் குடுக்கலியே" என்றார். பிறகு மூன்று புது நாற்காலி வாங்கி, சிதம்பரம் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார்.

2012-ல் ஆபீஸ் பெரிய இடத்துக்கு மாறியது. முழுக்க டைல்ஸ் போட்ட தரை. சாமான் ஏற்றும் முன்பே சார் என் கையில் மஞ்சள் பெயிண்டையும் பிரஷ்ஷையும் கொடுத்தார். இன்றைக்கு அங்கே சீனியர் நான். புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள்: சாஃப்ட்வேரே எல்லாம் செக் பண்ணுதே மேடம், தரையில எதுக்கு என்று. அதுவும் செய்யட்டும். நாம் கொடுத்ததைத்தான் அது செக் செய்யும். எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் சொல்லச் சொல்லச் சரிபார்க்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உச்சியிலிருந்து ஒரு தரம் இறங்குங்கள். நன்றாகச் செய்கிறவர் என்று பெயர் வாங்கியிருந்தால் கட்டாயம் இறங்குங்கள். கீழே கார் நின்று ஹாரன் அடித்தால், அடிக்கட்டும்.